சொந்தக்கை விதி

ரகுநந்தன் தன் சொந்தக் காரில் ஏறி உட்கார முடியாமல் பரீட்சை மைதானத்தில் நின்ற சேதி, கோயம்புத்தூர் ரேஸ்கோர்ஸ் பங்களாக்களில் சிரிப்பாய்ச் சிரிக்கப்படுவதற்கு முன்பே சங்கமித்ராவுக்கு வந்து சேர்ந்துவிட்டது. சொன்னவர் ரகுநந்தன் வீட்டு டிரைவர் குப்புராஜ்.

"அம்மிணி, உன்ற கை எங்கய்யாவ என்னமோ பண்ணிப்போட்டுது," என்றார் போனில். "கார்புரேட்டரக் கழட்டுனாரு, மாட்டுனாரு. டைமிங் வச்சாரு. ஆபீசருங்க வாயப் பொளந்துட்டுப் பாக்கறாங்க. செரி, இப்ப ஓட்டிக் காட்டுங்கன்னாங்க. கதவத் தொறந்தாரு. அவ்வளவுதான்."

"அவ்வளவுதான்னா?"

"நின்னுட்டாரு. உள்ள போவ மாட்டீங்கறாரு. நான் போயி முதுகுல கையக் குடுத்து லேசாத் தள்ளிப் பாத்தேன். எருமைய லாரியில ஏத்தறாப்பல இருந்துச்சு போ. ஏறவே இல்ல."

இன்னொரு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். இப்போது சிரிப்பை மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டாள். "அப்ப என் வண்டி?" என்று கேட்டாள்.

அந்தப் பக்கம் குப்புராஜ் இருமினார். தேவைக்கு அதிகமாக இருமினார். "நாளைக்கு உன்ன வரச் சொன்னாரு. நேர்லயே கேட்டுக்க சாமி."

அவள் 'என் வண்டி' என்று சொன்னது இன்னும் அவளுடையது ஆகாத ஒரு வண்டியை. ரகுநந்தன் வீட்டில் இரண்டு பழைய ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் கார்கள் இருந்தன. ஒன்று பாலிஷ் போட்டுப் பளபளவென்று ஷெட்டின் நடுவில் நிற்கும். இன்னொன்று பின்பக்கம் தார்பாய்க்கு அடியில் கிடக்கும். தரைத்தகடு துருப்பிடித்து, சீட்டெல்லாம் எலி கடித்து, கண்ணாடி விரிசல் விட்டு. ஆனால் அதன் என்ஜினைக் கையால் சுற்றிப் பார்த்தவள் சங்கமித்ரா. வெண்ணெய் மாதிரி சுற்றியது. கியர்பாக்ஸில் ஒரு இம்மி ஆட்டம் இல்லை. தகரத்தை வெட்டி ஒட்டிவிடலாம், சீட்டைத் தைத்துவிடலாம், என்ஜினைத்தான் இனி உலகத்தில் யாரும் வார்க்கப் போவதில்லை.

சம்பளமாக அவள் கேட்டது அந்த வண்டியைத்தான். "நான் பரீட்சை பாஸ் பண்ணின அன்னிக்கே அது உன் பேருக்கு," என்று ரகுநந்தன் சொல்லியிருந்தார்.

ஆள் இல்லாமல் தாமே ஓடும் தானோட்டி வண்டிகள் வந்து பட்டறைகளை எல்லாம் இழுத்து மூடிய பிறகு, பழைய கார் வைத்திருக்கிறவர்களுக்கு அரசாங்கம் ஒரே ஒரு சந்து விட்டிருந்தது. சொந்தக்கை விதி என்று பெயர். வண்டிக்காரர் தன் வீட்டில், தன் கையாலேயே அதைப் பராமரிக்க வேண்டும். தானே ஓட்டவும் வேண்டும். இரண்டையும் அதிகாரிகள் முன்னால் பரீட்சையில் செய்து காட்ட வேண்டும். ஆள் வைத்துச் செய்தால் உரிமம் கிடையாது. பிரேக்கைத் தன் கையால் மாட்டினவன் கண்மண் தெரியாமல் ஓட்ட மாட்டான் என்பது சட்டம் போட்டவர்களின் நினைப்பு.

பெரிய இடத்துக்காரர்கள் இதற்கெல்லாம் அசருவார்களா? கை வாங்க ஆரம்பித்தார்கள். ரகுநந்தன் வாங்கியது சங்கமித்ராவின் கையை.

கைப்பதிவில் மாயம் ஒன்றும் இல்லை. வேலை தெரிந்த ஆளின் கைகளில் தோல் மாதிரி மெல்லிய உறையையும் பிடரியில் ஒரு பட்டையையும் மாட்டி, மாதக்கணக்கில் வேலை செய்ய விடுவார்கள். கையும் நரம்பும் மூளையும் தங்களுக்குள் பேசிக்கொள்வதை எல்லாம் இயந்திரம் எழுதிக்கொள்ளும். வாங்குகிறவர் அதே மாதிரிப் பட்டையைக் கட்டிக்கொண்டு தூங்குவார். சில வாரங்களில் ஸ்பேனரைப் பிடிக்கத் தெரியாத கை வால்வு இடைவெளி வைக்கும். சட்டத்தில் அதற்குப் பெயர் பயிற்சி. கொடுத்தவரிடம் எதுவும் குறையாது என்று கம்பெனிக்காரர்கள் அடித்துச் சொல்வார்கள். கொடுத்தவரிடம் என்ன இருந்தது என்று அவர்கள் கேட்டதே இல்லை.

சங்கமித்ராவிடம் இருந்தது ஒரு பட்டம். மெக்கானிக்கல் என்ஜினியரிங். பரம்பரையில் முதல் பட்டம். கல்லூரியில் மற்றவர்கள் எல்லாம் கம்ப்யூட்டர் முன்னால் தானோட்டி மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தபோது, லேப் பின்னால் கடாசப்பட்டிருந்த பழைய என்ஜின்களைப் பிரித்துப் போட்டுப் பூட்டிக்கொண்டிருந்தவள். வேலைக்கு ஆள் எடுக்க வந்தவர்கள் மார்க்கைப் பார்த்துச் சிரித்தார்கள், முகவரியைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார்கள்.

அந்த முகவரி பள்ளத்தோட்டம். தானோட்டி வண்டிகளின் வரைபடத்தில் அப்படி ஒரு தெருவே இல்லை. வண்டியைக் கூப்பிட்டால் மெயின் ரோட்டோடு நின்று, "சேருமிடம் வந்துவிட்டது" என்று தேன் ஒழுகச் சொல்லும். மனு கொடுத்தார்கள். தெரு அகலம் போதாது என்று பதில் வந்தது. தண்ணீர் லாரி வந்து திரும்புகிற தெரு அது.

அம்மா பஞ்சாலையில் காலம் தள்ளி நுரையீரல் முழுக்கப் பஞ்சு அடைத்துக்கொண்டவள். ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளில் வீட்டிலிருந்து மெயின் ரோட்டுக்கு நடப்பதற்குள் உயிர் போய் உயிர் வரும். வரைபடம் பார்க்காத வண்டி ஒன்று வேண்டும். ஸ்டியரிங்கைத் திருப்பினால் திரும்புகிற வண்டி. அது தன் பேரில் இருந்தால் சொந்தக்கைப் பரீட்சையைச் சங்கமித்ரா தூங்கி எழுந்த கையோடு எழுதிவிடுவாள். வாசலில் நிறுத்தி அம்மாவை ஏற்றுவாள். அவ்வளவுதான் அவள் கேட்டது.

மறுநாள் பங்களாவுக்குப் போனபோது ரகுநந்தனின் மனைவி பர்ணிகா சமையற்கட்டு வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"என்னம்மா பண்ணி வச்சிருக்கிற எங்கூட்டுக்காரர? சொந்த வீட்டுக்குள்ள பின்வாசல் வழியா வர்றாருங்கறேன். நடு ஹால்ல சோபாவ விட்டுப்போட்டு ஓரமா நிக்கிறாரு. நேத்து என்ற அண்ணன் வந்திருந்தாரு. அவர் உக்கார்ற வரைக்கும் இவர் உக்காரல. எங்கண்ணன் என்ன நினைச்சிருப்பாரு?"

"மரியாதை தெரிஞ்ச மாப்பிள்ளைன்னு நினைச்சிருப்பாருங்க," என்றாள் சங்கமித்ரா.

பர்ணிகா முறைத்துவிட்டு ஷெட் பக்கம் கையைக் காட்டினாள்.

ஷெட்டில் ரகுநந்தன் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் மூன்று நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. கைப்பதிவுக் கம்பெனியிலிருந்து வந்திருந்த ஷாஹிதா கணினியை மடியில் வைத்துக்கொண்டு நான்காவதில் உட்கார்ந்திருந்தாள். அவளும் சங்கமித்ராவின் வயதுதான். முழு நாளும் யாரையாவது சமாதானப்படுத்திக் களைத்த முகம்.

"வாம்மா," என்றார் ரகுநந்தன். "உன் வேலையில ஒரு குறையும் சொல்ல முடியாது. பெட்ரோலுக்குப் பதிலா எத்தனால் ஊத்தினா கார்புரேட்டர் ஜெட்ட எவ்வளவு பெருசாக்கணும்னு என் விரலுக்கே தெரியுது. ஆனா இந்த உட்கார்ற விஷயம்..." அவர் காரைப் பார்த்தார். பெற்ற பிள்ளையைப் பார்க்கிற பார்வை, ஆனால் தூரத்திலிருந்து. "இவங்க என்னமோ சொல்றாங்க. எனக்குப் புரியல."

ஷாஹிதா கணினியைத் திருப்பினாள். "கை மட்டும் தனியா வராதுங்க சார். கை எந்த உடம்புல பழகுச்சோ, அந்த உடம்பும் கொஞ்சம் கூட வரும். அக்கா இந்த வண்டியில எப்படி வேலை செஞ்சாங்களோ, அப்படித்தான் உங்களுக்கு வந்திருக்கு. ஒண்ணு கேக்கறேன். அக்கா ஒரு தடவையாவது அந்த சீட்ல உட்கார்ந்தாங்களா?"

குப்புராஜ் மேலே பார்த்தார், ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் ஏதோ அதிசயம் இருக்கிற மாதிரி.

முதல் நாள் சங்கமித்ரா டிரைவர் சீட்டின் கதவைத் திறந்தபோது பர்ணிகா ஓடி வந்து சீட்டில் ஒரு வெள்ளைத் துண்டை விரித்து, "கிரீஸ் பட்டுரும் பாரு. உனக்கு ஸ்டார்ட் பண்ணணும்னா குப்புராஜ் உட்கார்ந்துக்குவாரு" என்றாள். கிரீஸில் முங்கி எழுந்த கால்சட்டையோடு குப்புராஜ் அந்தத் துண்டின்மேல் தினமும் உட்கார்ந்தார். அவர் கிரீஸ் வேறு கிரீஸ் போலிருக்கிறது. மூன்று தலைமுறையாக அந்த வீட்டு ஆட்களோடு ஒரே கோயிலில் பொங்கல் வைக்கிறவர் அவர்.

ஆறு மாதமும் அப்படியே போனது. முன்சக்கர டிரம் பிரேக்கைத் தூக்கிவிட்டு டிஸ்க் பிரேக் மாட்டினாள். டைனமோவை எடுத்து ஆல்டர்னேட்டர் வைத்தாள். எத்தனால் தின்றுவிடும் என்று ரப்பர் குழாய்களை எல்லாம் மாற்றினாள். "அண்ணா, மிதிங்க" என்பாள். குப்புராஜ் உள்ளே ஆக்சிலரேட்டரை மிதிப்பார். அவள் வெளியே நின்று மட்கார்டில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, நடுக்கத்தை வைத்தே எந்த சிலிண்டர் சோம்புகிறது என்று கண்டுபிடிப்பாள். பிரேக் எப்படிப் பிடிக்கிறது என்று அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வாள். தான் மாட்டிய பிரேக்கைத் தான் ஒருநாளும் மிதித்ததில்லை.

"அதாவது," என்றாள் ஷாஹிதா, "அக்கா உடம்புக்கு இந்த சீட் தொடக்கூடாத இடம். அதுதான் உங்களுக்கும். வேற எடத்துலயும் அது லேசா கசியும்."

"அத மட்டும் அழிச்சுடுங்க," என்றார் ரகுநந்தன்.

"அழிச்சா வேலையும் சேர்ந்து போயிரும் சார். அக்கா அந்த சீட்டுக்கு வெளிய நின்னுதான் இதெல்லாம் கத்துக்கிட்டிருக்காங்க. ரெண்டும் ஒரே நூல்ல கோத்துக் கெடக்கு."

ரகுநந்தன் கொஞ்ச நேரம் தாடையைத் தடவினார். பிறகு முகம் தெளிந்தது. வியாபாரி அல்லவா. "இவ்வளவுதானே? மித்ரா, நீ உட்காரும்மா. ஒரு மாசம் தினமும் உட்கார்ந்து ஓட்டு. அதையும் பதிஞ்சு எனக்கு ஏத்திடட்டும். துண்டெல்லாம் வேண்டாம். தாராளமா உட்காரு."

தாராளமா. அந்தச் சொல்லை எடுத்து அவர் முகத்திலேயே வீசலாம் போலிருந்தது. ஆனால் பின்பக்கத்துத் தார்பாய் நினைவுக்கு வந்தது. ஷாஹிதா கொடுத்த உறையை மாட்டிக்கொண்டாள். நடந்துபோய்க் கதவைத் திறந்தாள்.

அங்கேதான் அது நடந்தது. அவள் முழங்கால் மடியவில்லை.

சங்கமித்ராவுக்கு முதலில் புரியவே இல்லை. வகுப்பில் பேராசிரியரை எதிர்த்துப் பேசியவள், வார்டு அலுவலகத்தில் மேசையைத் தட்டியவள், எவனுக்கும் பணிய மாட்டேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவள். மனசு 'ஏறு' என்கிறது. உடம்பு அதன் பாட்டுக்கு மட்கார்டு பக்கம் ஒரு எட்டு நகர்ந்து நின்றுகொண்டது. இந்த மனிதரைப் பார்த்து நேற்றிலிருந்து மனசுக்குள் எவ்வளவு சிரித்திருந்தாள்! பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே ஏறினாள். சீட்டின் நுனியில் பாதித் தொடை பட உட்கார்ந்தாள். ஸ்டியரிங்கில் வைத்த கைகள் சூடான பாத்திரத்தைத் தொட்டவை போல் விறைத்துக்கொண்டு நின்றன.

ஷாஹிதா திரையைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். "இறங்குங்க அக்கா. இது ஆகாது." குரல் தாழ்ந்திருந்தது. "பயந்து உட்கார்றதுதான் பதியுது. இத ஏத்தினா சார் இதே மாதிரி நுனியில உட்காருவாரு."

"பழக்கிக்கட்டுமே," என்றார் ரகுநந்தன்.

"வேற ஒருத்தர் வண்டியில, அவர் பார்த்துக்கிட்டு நிக்கறப்போ, எத்தனை மாசம் உட்கார்ந்தாலும் இப்படித்தான் சார். உடம்பு ஏமாறாது. தன் வண்டின்னு அதுக்குத் தெரியணும். அப்பதான் முதுகு சாயும்."

ரகுநந்தன் விரலைச் சொடுக்கினார். "அப்ப பிரச்சனையே இல்லையே! பின்னாடி நிக்கிற ஹெரால்ட் இவளுக்குத்தான்னு பேசியிருக்கு. அத இவ பேருக்கே இன்னிக்கு மாத்திடறேன். அதுல உட்காரட்டும், ஓட்டட்டும், பதியட்டும். வண்டியும் அதே வண்டி, சீட்டும் அதே சீட்டு. என்னங்க?"

"அது நடக்கும் சார்," என்றாள் ஷாஹிதா. முதல் தடவையாகச் சிரித்தாள். "நல்லாவே நடக்கும்."

இறங்கி நின்ற சங்கமித்ரா அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டாள். இன்றைக்கே. பரீட்சை பாஸ் ஆகும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம். தரைத்தகட்டுக்கு எங்கே போவது, சீட்டுக்கு யாரைப் பிடிப்பது என்று மனசு ஓட ஆரம்பித்துவிட்டது. யார் பதிலுக்கும் காத்திராமல் ஷெட்டின் பின்பக்கம் நடந்தாள்.

"அம்மிணி, இரு," என்றார் குப்புராஜ். அவள் நிற்கவில்லை.

தார்பாயை இழுத்தாள்.

பானெட் இருந்தது. தூக்கினாள். அடியில் ஒன்றும் இல்லை. என்ஜின் இருந்த இடத்தில் வெறும் தரை தெரிந்தது. கியர்பாக்ஸ் இல்லை. ஸ்டியரிங் ராக் இல்லை. முன் அச்சும் ஸ்பிரிங்குகளும் இல்லை. செங்கல் அடுக்கின்மேல் ஒரு தகர ஓடு உட்கார்ந்திருந்தது.

திருட்டு வேலை மாதிரி இல்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. பிடுங்கப்பட்ட ஒவ்வொரு பாகத்தின் போல்ட்டும் தொலைந்துவிடாமல் அதனதன் ஓட்டையிலேயே இரண்டு மரை மட்டும் திருகி வைக்கப்பட்டிருந்தது. துண்டித்த ஒயர்களின் முனைகள் இடப்பக்கமாக மடித்துச் சைக்கிள் ட்யூப் துண்டால் கட்டப்பட்டிருந்தன. இந்தக் கோயம்புத்தூரில் இப்படி வேலை செய்கிற ஆள் ஒருத்திதான். இடக்கைக்காரி. சங்கமித்ரா இங்கே கடைசியாக வந்து இரண்டு மாதம் ஆகிறது.

அவள் திரும்பினாள். ரகுநந்தன் சற்றுத் தள்ளி, ஓரமாக, கைகளை முன்னால் கோத்துக்கொண்டு நின்றார். அந்த நிற்பும் அவளுடையதுதான்.

"அது வந்து..." என்றார். "கை வந்த புதுசு. சும்மா இருக்க முடியல. இந்தக் கியர்பாக்ஸ் அதைவிட நல்லா இருக்குன்னு கைக்கே தெரியுது. உன் கைதானே அது, உனக்குத் தெரிஞ்சதுதானே எனக்கும் தெரியும்? அப்படியே ஒண்ணு ஒண்ணா நல்லதெல்லாம் அந்த வண்டிக்கு மாத்திட்டேன்."

"என்ஜின்?"

"பெங்களூர்ல ஒருத்தர் ரொம்ப நாளா கேட்டுட்டிருந்தாரு. சங்கடப்படாத. உனக்கு வேற ஏதாச்சும் பண்ணித் தர்றேன். ஒரு தானோட்டி வண்டிக்கு மாசச் சந்தா கட்டிடவா? ராணி மாதிரி பின்னாடி உட்கார்ந்து போலாம்."

"அது எங்க தெருவுக்குள்ள வராது சார்."

"அப்படியா?" என்றார். உண்மையிலேயே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. அந்தத் தெரியாமையைப் பார்த்தபோதுதான் அவளுக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

"பேருக்கு மாத்தித் தர்றேன்னு இப்பச் சொன்னீங்களே, உள்ள ஒண்ணுமே இல்லைன்னு தெரிஞ்சேதானே சொன்னீங்க?"

"தகடு இருக்கேம்மா. கணக்குக்கு ஒரு வண்டி உன் பேர்ல இருந்தா, உடம்பு நம்பிடும்னு நினைச்சேன்."

"உடம்பு ஏமாறாதுன்னு இவங்க சொன்னது உங்க காதுல விழலையா? சரி. இந்த வண்டிய எழுதிக் குடுங்க." பளபளத்து நின்ற காரைக் கையால் காட்டினாள். "என் கியர்பாக்ஸ் இதுலதானே இருக்கு. என் பேருக்கு மாத்துங்க. ஒரே மாசம். முதுகு சாய்ஞ்சு உட்கார்றேன். உங்களுக்கு வேணுங்கற மாதிரி பதிஞ்சு தர்றேன்."

"இத உனக்குக் குடுத்துட்டு, அப்புறம் நான் எந்த வண்டியில உட்கார்றது?"

"அது என் கவலை இல்ல சார்."

"திருப்பிக் குடுத்துடுவேன்னு எழுதிக் குடுத்தா..." என்று ஆரம்பித்தார். ஷாஹிதா குறுக்கே வந்தாள். "திருப்பிக் குடுக்கணும்னு தெரிஞ்சா உடம்பு உட்காராது சார்." திரையைப் பார்த்தபடி சொன்னாள். அது உண்மையா, அந்த நேரத்தில் அவளாகச் சொன்னதா என்று சங்கமித்ராவால் இன்றுவரை தீர்மானிக்க முடியவில்லை.

ரகுநந்தன் காரைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். நிஜமாகவே கணக்குப் போடுகிறார் என்று தெரிந்தது. அந்த ஒரு கணம் அவளுக்கும் ஆசை விட்டுப்போகவில்லை, அதுதான் வெட்கக்கேடு. பிறகு அவர் தலையை ஆட்டினார்.

"நடக்காதும்மா. எங்க தாத்தா வண்டி இது. உன் பேர்ல... எப்படிம்மா?" அந்த 'எப்படிம்மா'வில் எல்லாம் இருந்தது. வெள்ளைத் துண்டு இருந்தது, பின்வாசல் இருந்தது, ஒரே கோயில் பொங்கல் இருந்தது.

சங்கமித்ரா கையுறைகளைக் கழற்றி காலி நாற்காலி ஒன்றில் போட்டாள். "அப்ப நின்னுக்குங்க," என்றாள். வந்த வழியாகப் போகவில்லை. போர்டிகோ வழியாக, முன்வாசல் கேட்டைத் திறந்துகொண்டு போனாள். பர்ணிகா மாடியிலிருந்து ஏதோ கத்தினாள். காதில் வாங்கவில்லை.

அதன்பிறகு குப்புராஜ்தான் அவ்வப்போது போனில் சொல்வார். ஐயாவுக்கு இரண்டாவது பரீட்சையும் போய்விட்டது. வண்டியை ரோட்டில் எடுக்க அனுமதி இல்லை, வீட்டில் வைத்துக்கொள்ளலாம். கைப்பதிவை அழிக்கச் சொல்லி அம்மா நெருக்குகிறார்கள். ஐயா முடியாது என்கிறார். என்ஜினைத் தொடாமல் இனி இருக்க முடியாதாம். சாயங்காலமானால் குப்புராஜ் உள்ளே உட்கார்ந்து மிதிக்க வேண்டும். ரகுநந்தன் வெளியே நின்று மட்கார்டில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார்.

"பாவமாத்தான் இருக்குது அம்மிணி," என்றார் குப்புராஜ் ஒருதரம்.

"எனக்கு ஆறு மாசம் மிதிச்சீங்களே, அப்ப பாவமா இல்லியாங்ணா?"

அவர் போனை வைத்துவிட்டார்.

ரகுநந்தனே கூப்பிட்டது ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலையில். அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு கிளம்பியிருந்தாள். தெரு சேறாகக் கிடந்தது. அடிகுழாய் மேடையில் அம்மா உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். தெருமுனையில், மெயின் ரோட்டோரம், வெள்ளை வண்டி ஒன்று கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றது. பயணி வரவில்லை என்று அது இனிமையாக அறிவிக்கும் சத்தம் இங்குவரை கேட்டது.

"மித்ரா," என்றார் அவர். குரலில் வியாபாரம் எதுவும் இல்லை. "உன்னை ஒண்ணு கேக்கணும். வேற யார்கிட்டயும் கேக்க முடியல. அப்பெல்லாம், அந்த ஆறு மாசம்... உட்காரணும்னு உனக்குத் தோணுமா?"

"தோணும்."

"தோணினா என்ன பண்ணுவ?"

எவ்வளவோ சொல்லலாம். ராத்திரிகளில் மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக் கூர்தீட்டி வைத்திருந்த வார்த்தைகள் எத்தனையோ இருந்தன. அம்மாவின் நெஞ்சு உயர்ந்து தாழ்வதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"பழகிடும் சார்."

போனை மடியில் செருகிக்கொண்டாள். "யாரு சாமி?" என்றாள் அம்மா, மூச்சுக்கு நடுவில்.

"யாருமில்லம்மா. எந்திரி."

அம்மாவின் அக்குளில் கையைக் கொடுத்துத் தூக்கினாள். இன்னும் பாதித் தெரு இருந்தது.